பணம் வாங்க பின் நம்பர் எதற்கு? யுபிஐ மோசடி சொல்லும் டிசைன் பாடம்

பழைய சோபாவை விற்க ஆன்லைனில் விளம்பரம் போடுகிறீர்கள். போனில் வந்தவர் பேரம்கூடப் பேசவில்லை. ‘பணம் அனுப்பிட்டேன், பின் போட்டு வாங்கிக்கோங்க’ என்கிறார். திரையில் ஒரு ரெக்வெஸ்ட். பின் போடுகிறீர்கள். பணம் வரவில்லை, இருந்த பணமும் போய்விட்டது!

இந்த மோசடியில் யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. ஆப் சரியாகத்தான் வேலை செய்தது. அப்புறம் எங்கே சிக்கல்?

மனதில் ஓடும் கணக்கு

எந்தக் கருவியைத் தொட்டாலும், ‘இது இப்படித்தான் வேலை செய்யும்’ என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். டிசைன் துறையில் இதை ‘மென்டல் மாடல்’ என்பார்கள். ஆப்பை உருவாக்கியவர் மனதிலும் ஒரு மாடல் இருக்கும். இருவரும் நேரில் பேசிக்கொள்வதில்லை. நடுவே இருப்பது திரை மட்டும்தான். திரை தெளிவாகச் சொல்லாவிட்டால், பயனர் தனக்குத் தெரிந்த பழைய கணக்கையே போட்டுக்கொள்வார். அமெரிக்க டிசைன் அறிஞர் டான் நார்மன் 1988-ல் வெளியான தன் நூலிலேயே இதை விளக்கியிருக்கிறார்.

ஏடிஎம் தந்த பழக்கம்

ஏடிஎம்மில் பின் போட்டால் கைக்குப் பணம் வரும். 2016-ல் அறிமுகமான யுபிஐயில் பின் போட்டால் பணம் போகும். வங்கியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்: ‘என் கணக்கிலிருந்து எடுக்கச் சம்மதம்.’ ஆனால் பயனரின் அனுபவத்தில் இரண்டும் நேரெதிர். ‘கலெக்ட் ரெக்வெஸ்ட்’ என்ற பெயரும் பணம் கேட்பவரின் பக்கத்திலிருந்து வைக்கப்பட்டது. கொடுப்பவருக்கு அது வசூல்! இந்த இடைவெளியில்தான் மோசடி ஆசாமிகள் புகுந்தார்கள்.

என்ன மாறியது?

‘பணம் பெற பின் தேவையில்லை’ என்ற எச்சரிக்கைகள் வந்தன. தனிநபர் கலெக்டுக்கு 2,000 ரூபாய் உச்சவரம்பும் வந்தது. கடைசியில், தனிநபர்களுக்கு இடையிலான கலெக்ட் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொன்னது, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ. வணிக நிறுவனங்களுக்கு மட்டும் அது அப்போது தொடர்ந்தது.

குழப்பமான மாடலை எச்சரிக்கை வாசகத்தால் ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது கஷ்டம். இப்போது தனிநபர்களுக்குள் கணக்கு எளிது: அனுப்புபவர் தொடங்கினால்தான் பணம் நகரும்.

ஆனால், ‘க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்’ என்று யாராவது சொன்னால் உஷார். யுபிஐ பின் என்பது, செக்கில் நீங்கள் போடும் கையெழுத்து மாதிரி. பணம் வாங்குபவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.