ஒரு வரிப் பின்னூட்டம் செய்யும் வேலை

2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற கருத்தில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் இட்ட பின்னூட்டம், அச்சுறுத்தலாக விளங்கிக்கொள்ளப்பட்டது. பள்ளிவாசலும் கடைகளும் கல்வீச்சுக்கு உள்ளாகின. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை என்று வன்முறை பரவியது. சமூக வலைத்தளங்களும் முடக்கப்பட்டன.

எழுத்துக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. கடை வாசலில் பகிடியாகப் போய்விடும் வார்த்தை திரையில் மிரட்டலாகத் தெரியும். முன்பின் உரையாடலை வெட்டி ஒரு வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்துப் பரப்பினால், எழுதியவர் நினைத்தே பாராத அர்த்தம் அதில் ஏறிவிடும்.

குற்றம் இனவாதிகளுடையதுதான். ஆனால் நம்மவர்களின் பின்னூட்டங்கள் எப்படி இருக்கின்றன? தலைப்பை மட்டும் வாசித்துவிட்டுத் தீர்ப்பு வழங்குகிறோம். பிறை பற்றிய செய்தியின் கீழ் இயக்கச் சண்டை பிடிக்கிறோம். ஜனாஸா அறிவித்தலின் கீழும் அரசியல் பேசுகிறோம். போலிப் பெயருக்குள் ஒளிந்துகொண்டு உலமாக்களையும் பெண்களையும் ஏசுகிறோம். இவற்றை அயலவர்களும் வாசிக்கிறார்கள். மொழிபெயர்த்துப் பகிரவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

செய்தி வந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள் என்பது நமக்குப் புதிய பாடமல்ல. முழுதாக வாசியுங்கள். சொந்தப் பெயரில், ஊர்ப் பெரியவர் முன்னால் சொல்லக்கூடியதை மட்டும் எழுதுங்கள். கோபம் வந்தால் அன்று எழுதாதீர்கள். பிழையாக விளங்கப்பட்டால் உடனே விளக்கம் கொடுங்கள்.