உப்பும் மின்சாரமும்

1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் தலைமையில் திருச்சியினின்றும் வேதாரண்யத்துக்கு நடந்து சென்ற தொண்டர்கள் அள்ளியது ஒருபிடி உப்பே. ஆயினும் தேசத்தின் கடல் தேசத்தாருக்கே உரியது என்னும் கொள்கை அதில் அடங்கியிருந்தது. அவ்வுரிமை கைவந்த பின்னர், அவ்வுப்பைக் கொண்டு நாம் என் செய்கிறோம் என்று விசாரிப்பது அவசியமாகும்.

உலகில் எடுக்கப்படும் உப்பில் அடுப்பங்கரைக்குச் செல்வதைவிட இரசாயன ஆலைகளுக்குச் செல்வதே இன்று அதிகம். உப்பை நீரிற் கரைத்து, அழுக்குகளை நீக்கி, அதனூடே மின்சாரத்தைச் செலுத்தினால், ஒரு முனையில் குளோரின் வாயுவும், மறுமுனையில் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும் உண்டாகின்றன. சோப்பு, காகிதம், துணி, அலுமினியம் ஆகிய தொழில்களுக்குச் சோடா இன்றியமையாதது. குடிநீரைக் கிருமியினின்றும் காப்பது குளோரின். ஒரு டன் சோடாவுக்குச் சுமார் ஒன்றரை டன் உப்பும், 2,000 யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரமும் வேண்டும். 1934-இல் அணை முடிவுற்ற மேட்டூரில் இத்தொழில் வேரூன்றியது தற்செயலன்று.

இத்தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு டன் சோடா பிறக்கும்போது சுமார் 890 கிலோ குளோரினும் உடன்பிறந்தே தீரும். சோடாவைத் தேக்கி வைக்கலாம். நச்சு வாயுவாகிய குளோரினை நெடுநாள் தேக்கி வைத்தல் எளிதன்று. நம் தேசத்திலோ சோடாவுக்குள்ள கிராக்கி குளோரினுக்கு இல்லை. ஆலைக்காரர்கள் தம் கையிலிருந்து பணம் கொடுத்து அதனை அகற்ற நேர்ந்த காலங்களும் உண்டு. அதே குளோரினைக் கொண்டு செய்யப்படும் பி.வி.சி.யையோ, நம் வயல்களுக்குக் குழாய் செய்யும் பொருட்டு, தேவையில் பாதிக்கும் மேலாக அந்நிய நாடுகளினின்றும் தருவிக்கிறோம்! இதனினும் விந்தை வேறுண்டோ? அதற்கு வேண்டும் எதிலீன் இங்கே போதாது என்பர். மெய்யே, அக்குறையை நீக்குவதற்கு முதலாளிகளும் சர்க்காரும் முன்வர வேண்டாமோ?

நீரையும் நிலத்தையும் கெடுத்த பாதரச முறையை 2025-க்குள் கைவிடுமாறு 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை விதித்தது. நம் ஆலைகள் பெரும்பாலும் அதற்கு முன்னரே ஜவ்வு முறைக்கு மாறிவிட்டமை பாராட்டத்தக்கது. செய்ய மனமிருந்தால் செய்ய முடியும் என்பதற்கு இதுவே சான்று.

தூத்துக்குடி அளங்களில் கொடும் வெயிலில் நின்று உப்பை வாருகிறவர்களின் உழைப்பே இத்தனைக்கும் மூலம். உப்பின் விலையில் அவர்கள் பெறும் பங்கு சொற்பம். உப்பினின்றும் தோன்றும் பொருள்கள் யாவும் இங்கேயே ஆக்கப்பட்டு, அந்த ஆதாயத்தில் ஒரு பங்கு அவர்களைச் சேரும் நாளே வேதாரண்ய யாத்திரை முற்றுப்பெறும் நாளாகும்.