நாளறிந்து புறப்படுவோம்

நம் சங்கத்து அங்கத்தினர்களுள் பயிர் செய்வோர் பட்டம் பார்த்தே விதைப்பர். நெசவாளர் பண்டிகை வரும் நாளைக் கணக்கிட்டே பாவு ஓட்டுவர். நாளறிந்து செய்யும் வேலையின் பயனை நமக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அயல்நாட்டுப் பிரயாணம் என்று வந்துவிட்டால் இந்த நல்ல வழக்கத்தை நாம் மறந்துவிடுகிறோம். விமானக் கட்டணம் எந்த வாரத்தில் குறைவு என்பதை மட்டும் பார்த்துச் சீட்டு வாங்கிவிட்டு, போய் இறங்கிய பின்னரே அங்கு என்ன நடைபெறுகிறது என்று விசாரிக்கிறோம்.

நமக்கு அறிமுகமான அன்பர் ஒருவர் மேல்நாட்டு இசையில் மிகுந்த பற்றுடையவர். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு வியன்னா நகருக்குச் சென்றார். அவர் சென்றது ஆகஸ்டு முதல் வாரம். அரசு ஒபெரா மாளிகையின் வாசலில் நின்றபோதுதான் அந்த மாதத்தில் அங்கு நிகழ்ச்சியே கிடையாது என்பது அவருக்குத் தெரிந்தது. கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓர் ஒபெராவும் காணாமல் ஊர் திரும்பினார். இவ்விஷயத்தில் எவர் மீதும் குற்றமில்லை. நாட்காட்டியைப் பாராததே குற்றம்.

இதன் காரணத்தைச் சற்று விளக்குவோம். அந்த மாளிகை 1869-இல் திறக்கப்பட்டது. 1945-இல் குண்டுவீச்சில் அழிந்து, 1955-இல் மீண்டும் திறக்கப்பெற்றது. செப்டம்பர் முதல் ஜூன் வரை ஏறத்தாழ நாள்தோறும் அங்கு நிகழ்ச்சி உண்டு. ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் ஓய்வுக்காலம். புகழ்பெற்ற வியன்னா பில்ஹார்மோனிக் குழுவினர் இந்த மாளிகையின் வாத்தியக்காரர்களே ஆவர். கோடையில் அவர்கள் ஸால்ஸ்பர்க் நகரத்து இசைவிழாவில் வாசிக்கின்றனர். 1920-இல் தோன்றிய அவ்விழா ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்டு இறுதி வரை நடைபெறுகிறது. ஆகவே நம் அன்பர் தேடிச் சென்ற இசை, அவர் நின்ற இடத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத் தொலைவில் ஒலித்துக்கொண்டிருந்தது!

அயல்நாட்டு நிகழ்ச்சி நாட்களை மூன்று வகையாகப் பிரித்தறியலாம். முதலாவது, மேலே கண்ட பருவகால நிகழ்ச்சிகள். ஐரோப்பாவின் பெரிய ஒபெரா மாளிகைகளில் பெரும்பாலானவை இவ்விதம் இலையுதிர்காலத்தில் தொடங்கிக் கோடையின் தொடக்கத்தில் முடிபவை.

இரண்டாவது, திருவிழாக்கள். லண்டனில் 1895-இல் தொடங்கிய 'ப்ராம்ஸ்' கச்சேரிகள் இப்பொழுது ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடக்கின்றன. எடின்பரோ விழா 1947 முதல் ஆகஸ்டில் கூடுகிறது. எனவே கோடையில் மட்டுமே ஓய்வு கிடைப்பவர் மனந்தளர வேண்டியதில்லை. ஊரை மாற்றிக்கொண்டால் போதும்.

மூன்றாவது, நகரும் நாட்கள். ஈஸ்டர் பண்டிகை ஆண்டுதோறும் வேறு தேதியில் வருவதால் அதனைச் சார்ந்த விழாக்களும் நகர்கின்றன. வியன்னா ஒபெரா நடன விழா, சாம்பல் புதனுக்கு முந்திய வியாழக்கிழமை நடைபெறுவது. புஷ்ய பகுள பஞ்சமியில் வரும் திருவையாற்று ஆராதனை ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதை அறிந்த நமக்கு இது புதிதன்று. சென்ற ஆண்டுத் தேதியை நம்பிச் சீட்டு வாங்குவது தவறு.

இனித் தேடும் முறையைக் கூறுவோம். நிகழ்ச்சியின் பெயரைக் கொண்டு தேடுவதைவிட, நாம் தங்கும் நாட்களைக் கொண்டு தேடுவதே சிறந்தது. ஒரு தாளில் தங்கும் நாட்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்க. பிறகு நகரத்துச் சுற்றுலா அலுவலகம் வெளியிடும் நாட்குறிப்பிலும், ஒவ்வொரு மண்டபத்தின் சொந்த இணையதளத்திலும் அந்நாட்களுக்குரிய நிகழ்ச்சிகளைப் பார்த்து எதிரே குறித்துக்கொள்க. ஜெர்மன் மொழித் தளங்களில் 'ஸ்பீல்பிளான்' என்ற சொல் நிகழ்ச்சி நிரலைக் குறிக்கும். 8.7 என்பது ஐரோப்பாவில் ஜூலை 8. அமெரிக்காவிலோ மாதத்தை முன்னே எழுதுவதால் 7/8 என்பதே ஜூலை 8. 19.30 என்றால் மாலை ஏழரை. போய்ச் சேரும் நாளன்று எந்நிகழ்ச்சிக்கும் சீட்டு வாங்க வேண்டாம். விமானம் தாமதித்தால் பணம் வீணாகும்.

விசா விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. ஆஸ்திரியா, ஜெர்மனி முதலிய நாடுகளுக்குரிய ஷெங்கன் விசாவுக்குப் பிரயாணத்திற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர் விண்ணப்பிக்க இயலாது. பதினைந்து நாட்களுக்கேனும் முன்னர் விண்ணப்பித்தாக வேண்டும். பிரிட்டனுக்குத் தனி விசா பெறவேண்டும். ஜனவரி முதல் நாளில் நடக்கும் வியன்னாப் புத்தாண்டுக் கச்சேரிக்கோ, ஏறத்தாழ ஓராண்டு முன்னதாகவே பெயர் பதிந்து, குலுக்கலில் இடம் பெறவேண்டும். விசா கிடைக்குமுன் விலையுயர்ந்த சீட்டில் பணத்தை முடக்குவது விவேகமன்று. அதற்கு ஒரு வழியுண்டு. வியன்னா ஒபெரா மாளிகையில் நின்று பார்க்கும் இடங்கள் நானூறுக்கு மேல் உள்ளன. அவற்றின் விலையும் குறைவு. லண்டன் 'ப்ராம்ஸ்' கச்சேரிகளிலும் நின்று கேட்கும் இடங்கள் அந்தந்த நாளிலேயே விற்கப்படுகின்றன. நாளைச் சரியாகத் தேர்ந்துகொண்டவருக்குக் கடைசி நேரத்திலும் கதவு திறந்திருக்கும்.

தொழில் நிமித்தமாகச் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. வீட்டு உபயோகத் துணிகளுக்குரிய 'ஹைம்டெக்ஸ்டில்' கண்காட்சி ஃபிராங்க்பர்ட்டிலும், 1926-இல் தொடங்கிய வேளாண்மைக் கண்காட்சியான 'பசுமை வாரம்' பெர்லினிலும் வழக்கமாக ஜனவரியில் கூடுகின்றன. அது ஒபெரா மாளிகைகள் திறந்திருக்கும் பருவம். பகலில் வியாபாரத்தையும் மாலையில் இசையையும் ஒரே செலவில் பெறலாம். ஆனால் கண்காட்சி நாட்களில் விடுதி வாடகை ஏறிவிடும். ஆகவே நாட்குறிப்பு, போகவேண்டிய நாளைக் காட்டுவதுடன், வேறு வேலையாகச் செல்பவர் தவிர்க்கவேண்டிய நாளையும் காட்டுகிறது.

அயல்நாட்டுப் பிரயாணம் நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்ப்பது. அதற்குரிய பணமோ தறியிலும் வயலிலும் உழைத்துச் சேர்த்தது. முதலில் நிகழ்ச்சி நாள், பின்னர் விசா, அதன் பின்னரே விமானச் சீட்டு என்ற வரிசையை அங்கத்தினர்கள் கடைப்பிடிப்பார்களாக. ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து நாட்காட்டியைப் புரட்டினால், பல ஆண்டுச் சேமிப்பு மூடிய கதவின் முன் வீணாகாமல் காக்கப்படும்.