கொரில்லாவின் இதயமும் அறுவை மருத்துவமும்

விலங்குக் காட்சியகங்களில் வளரும் கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டான், போனோபோ ஆகிய மனிதக் குரங்குகள் முதிர்ந்த வயதில் இறப்பதற்கு இதயநோயே தலையாய காரணமாகக் காணப்படுகிறது. ஆண் கொரில்லாக்களிடம் இந்நோய் மிகுதி. மனிதருக்கு நேர்வதுபோல் கொழுப்பு படிந்து இதயத் தமனிகள் அடைபடுவது இவற்றிடம் அரிது. மாறாக, இதயத் தசையிழைகளின் இடையே நார்த்திசு சிறுகச் சிறுகப் பெருகித் தசையை விறைப்பாக்குவதால், குருதியை உந்தித் தள்ளும் ஆற்றல் குன்றிவிடுகிறது. அடைபட்ட குழாய்க்கு மாற்றுவழி அமைக்கலாம். தசை முழுவதும் பரவிய நாரை எந்தக் கத்தியாலும் அகற்ற இயலாது.

பிறவிக் குறைபாட்டின் நிலை வேறு. 1994இல் சான் டியேகோ விலங்குக் காட்சியகத்தின் கேரன் என்னும் இளம் சுமத்ரா ஒராங்குட்டானுக்கு, இதய அறைகளைப் பிரிக்கும் சுவரில் இருந்த ஓட்டையை, மனிதருக்குச் சிகிச்சையளிக்கும் பல்கலைக்கழக மருத்துவக் குழுவினரே திறந்த இதய அறுவையின் மூலம் மூடினர்.

நார் பெருகிய இதயத்துக்கோ கருவியின் துணை தேவைப்பட்டது. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் காட்சியகத்தில் இதயச் செயலிழப்பால் நலிந்திருந்த பாபெக் என்னும் ஆண் கொரில்லாவுக்கு, 2004இல், இடம் வலம் ஆகிய இரு கீழறைகளும் ஒரே நேரத்தில் சுருங்கும்படி மின்தூண்டல் அளிக்கும் ஒருவகைப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. நோயுற்ற இதயத்தில் மின்னோட்டம் ஒரு பக்கத்துக்குத் தாமதமாகச் சேர்வதால் சுவர்கள் முன்னும் பின்னுமாகச் சுருங்கி உழைப்பு வீணாகிறது. இக்கருவி அந்த ஒத்திசைவை மீட்டுத் தருகிறதேயன்றி நாரைக் கரைப்பதில்லை. எனினும் பாபெக் அதன் பின்னரும் சில ஆண்டுகள் வாழ்ந்தது என்பதை எண்ணும்போது, அம்முயற்சி பெரும் பேறு என்றே கொள்ளத் தகும்.

அறுவையைவிடக் கடினமானது அதற்குப் பிந்தைய பராமரிப்பு. காயத்தைத் தொடாதே என்று சொல்லிப் புரியவைக்க முடியாத, வலிமையும் நுண்திறனும் வாய்ந்த விரல்களைக் கொண்ட நோயாளி இது. நலிந்த இதயத்துக்கு மயக்க மருந்தும் ஆபத்தானது. ஆகவே கம்பிவலையில் மார்பை ஒட்டி நின்று மீயொலிச் சோதனைக்கு இசையவும், இரத்த அழுத்தம் அளக்கக் கையை நீட்டவும் பராமரிப்பாளர்கள் கொரில்லாக்களைப் பொறுமையுடன் பழக்குகின்றனர். 2010இல் அட்லாண்டா காட்சியகத்தில் தொடங்கப்பட்ட மனிதக் குரங்கு இதயத் திட்டம் இத்தகைய பதிவுகளைப் பல காட்சியகங்களிலிருந்தும் திரட்டுகிறது. நலமுள்ள கொரில்லாவின் இதயச் சுவர் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பது தெளிவானால்தான், எதற்கு மருந்தே போதும், எதற்குக் கருவி வேண்டும் என்று மருத்துவர்கள் துணிய முடியும்.