முடிவு வரும்வரை: மேற்படிப்பு விண்ணப்பமும் மனக்கலக்கமும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு மறுமொழிக்காகக் காத்திருக்கும் இளைஞர் இன்று நம் சபைகளில் அரியவர் அல்லர். சென்னையில் மட்டுமன்றித் திருநெல்வேலி, நாகர்கோவில், வேலூர் முதலிய ஊர்களிலும் அவர்களைக் காண்கிறோம். டிசம்பரில் விண்ணப்பம் போகிறது. முடிவு வந்துசேர மார்ச் ஆகலாம், ஏப்ரலும் ஆகலாம். இவ்விடைக்காலத்தில் அவர்கள் உறக்கம் கெட்டு, உணவில் நாட்டம் குன்றி, எடுத்ததற்கெல்லாம் சினங்கொள்வதை வீட்டார் பார்க்கின்றனர். காரணம் தெரிந்தும் என்ன சொல்வதென்று தெரியாமல் இருக்கின்றனர். ஆயரிடம் வருவோர் பெரும்பாலும் ஒரே வேண்டுகோளுடன் வருகின்றனர்: “இடம் கிடைக்க ஜெபம் பண்ணுங்கள், ஐயா.” ஜெபிக்கத் தடையில்லை. ஆனால் கிடைக்குமா கிடைக்காதா என்று அறியாத இந்த நான்கு மாதங்களை எவ்வாறு வாழ்வது என்று எவரும் கேட்பதில்லை. அவ்வினாவையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

முதலில், அப்பக்கத்தில் என்ன நடைபெறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நன்று. தெரியாமையால் விளையும் கலக்கத்தில் ஒரு பகுதி அதனாலேயே நீங்கும். முனைவர் பட்டப் படிப்புக்கான விண்ணப்பங்களைப் பெரும்பாலான துறைகள் டிசம்பர் முற்பாதியில் முடித்துக்கொள்கின்றன. பின்னர் விடுமுறை வந்துவிடுகிறது. ஜனவரியில் பேராசிரியர் சிலர் அடங்கிய சேர்க்கைக் குழு கூடிப் படிக்கத் தொடங்குகிறது. பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கும் துறைகள் பல. முதல் வரிசையில் தெரிந்தெடுக்கப்பட்டோருக்கு ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ கடிதம் போகிறது. உதவித்தொகையுடன் அழைக்கப்பட்டவர் ஏப்ரல் 15 வரை விடைசொல்லாமல் இருக்கலாம் என்பது, அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் மன்றம் வகுத்து, அதில் ஒப்பமிட்ட பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்டுள்ள நெறி. எனவே முதல் வரிசையினர் விடைசொல்லும்வரை, அடுத்த வரிசையில் உள்ளோர்க்குத் துறை ‘ஆம்’ என்றும் சொல்ல இயலாது. ‘இல்லை’ என்றும் சொல்ல மனம் வராது. பிப்ரவரி கடந்தும் நீளும் அமைதிக்குக் காரணம் பல வேளைகளில் இதுவே. அதனை மறுப்பு என்று கொள்வதும் பிழை, நற்குறி என்று கொள்வதும் பிழை.

முதுநிலைப் பட்டப் படிப்பின் நிலை சற்று வேறு. அதில் சேர்வோர் பெரும்பாலும் தம் செலவிலேயே, அதாவது கடனிலேயே, படிக்கச் செல்கின்றனர். உதவித்தொகை இல்லாத அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 என்னும் பாதுகாப்புப் பொருந்துவதில்லை; சில இடங்கள் முன்கூட்டியே முன்பணம் கேட்கும். வீட்டையோ நிலத்தையோ ஈடுவைத்து வங்கிக் கடனுக்கு எழுதிக்கொடுத்திருக்கும் குடும்பத்தில் காத்திருப்பது மகனோ மகளோ மட்டுமன்று. தந்தையின் ஓய்வூதியக் கணக்கும், தங்கையின் திருமணப் பேச்சும் அந்த ஒரு மின்னஞ்சலுக்காகக் காத்திருக்கின்றன. இளைஞரின் கலக்கத்தில் பாதி இதுவே என்பதை ஆற்றுப்படுத்துவோர் மறத்தலாகாது.

இனி மனத்தின் இயல்புக்கு வருவோம். தீயது நிகழும் என்று உறுதியாகத் தெரிந்திருப்பதைவிட, நிகழலாம் நிகழாமலும் போகலாம் என்னும் ஐயமே மனித உடலை மிகுதியாக வருத்துகிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. 45 பேர் கணினித் திரையில் தோன்றும் பாறைகளின்கீழ்ப் பாம்பு உண்டா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிதரும் மின்னதிர்ச்சி கிடைக்கும். அவர்களது வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்தபோது, அதிர்ச்சி நிச்சயம் என்று அறிந்திருந்த வேளையைவிட, பாதிக்குப் பாதி என்று இருந்த வேளையிலேயே உடலின் பதற்றம் உச்சத்தில் நின்றது. அதே சோதனையில் வேறொன்றும் புலனாயிற்று. எவருடைய பதற்றம் ஐயத்தின் அளவோடு சேர்ந்து ஏறி இறங்கியதோ, அவரே பாம்பைச் சரியாக ஊகிப்பதில் சிறந்தவராக இருந்தார். ஆகவே பதற்றம் வீணான பகை அன்று. செயலுக்கு நம்மை ஆயத்தப்படுத்தும் விழிப்பு அது. விண்ணப்பம் எழுதிய நாள்களில் அது மாணவருக்குத் துணைசெய்தது. விண்ணப்பம் போனபின் செய்யத்தக்கது எதுவும் இல்லை. விழிப்போ தணியாமல் எரிந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ ஏற்றிவைத்த அடுப்பில் உலையில்லாத நிலை.

இவ்விழிப்பு போக்கிடம் தேடிக் கைப்பேசியில் போய் அமர்கிறது. ஒரு நாளில் நாற்பது முறை மின்னஞ்சலைத் திறந்து பார்ப்போர் உண்டு. நேர வேறுபாடு இதனை இன்னும் கொடிதாக்குகிறது. குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7.30, அங்கு அலுவலகம் மூடும் மாலை 5 மணி நமக்கு மறுநாள் விடியற்காலை 3.30. கலிபோர்னியா எனில் மூன்று மணிநேரம் மேலும் பிந்தும். ஆக, முடிவு வரக்கூடிய நேரம் முழுவதும் நம் இளைஞர் உறங்க வேண்டிய நேரமாக அமைந்துவிடுகிறது. இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பார்ப்பதால் கடிதம் விரைந்து வராது. வந்தாலும் அந்நேரத்தில் மறுமொழி எழுத வேண்டிய கட்டாயமில்லை. காலையில் ஒருமுறை பார்ப்பது போதும். சனிக்கிழமை காலை தொடங்கித் திங்கள் மாலைவரை அந்நாட்டு அலுவலகங்கள் பெரும்பாலும் மூடியிருப்பதால், அவ்விரண்டரை நாள்களை ஓய்வுக்குரியனவாக ஒதுக்கிவைக்கலாம். சிறிய ஏற்பாடுதான்; எனினும் உறக்கம் திரும்பினால் பாதி நோய் தீர்ந்தது.

காத்திருத்தலையே தம் ஆய்வுப்பொருளாகக் கொண்டவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த உளவியலறிஞர் கேட் சுவீனி. கலிபோர்னியாவில் வழக்குரைஞர் தேர்வை ஜூலையில் எழுதுவோர் முடிவுக்கு நவம்பர்வரை நான்கு மாதங்கள் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்த 230 சட்டப் பட்டதாரிகளை அவரும் உடனாய்வாளர்களும் தொடர்ந்து கவனித்து 2016இல் எழுதிய கட்டுரை நம் கவனத்திற்குரியது. நல்லதையே எண்ணுதல், எண்ணாமலே இருக்க முயலுதல், கெட்டதற்கு முன்கூட்டியே மனத்தைத் திடப்படுத்துதல் ஆகிய எம்முறையும் அவர்களுடைய துயரைப் பெரிதாகக் குறைக்கவில்லை. அதைவிட வியப்பானது பின்னர் நிகழ்ந்தது. கலங்கிக் கலங்கிக் காத்திருந்தோர், தோல்விச் செய்தி வந்தபோது அதனைத் தாங்கி அடுத்த வழியைக் காண்பதில் முன்னின்றனர். வெற்றி வந்தபோது மிகுதியாக மகிழ்ந்தனர். அமைதியாகக் காத்திருந்தோரைத் தோல்வி நிலைகுலையச் செய்தது.

இதிலிருந்து நாம் பெறுவது என்ன? கலக்கம் விசுவாசக் குறைவின் அடையாளம் என்று இளைஞரிடம் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது கொடுமை என்றே சொல்வோம். கவலையோடு, கவலைப்படுகிறோமே என்னும் குற்றவுணர்வையும் சேர்த்து அவர்கள் தலையில் ஏற்றுகிறோம். 13ஆம் சங்கீதம் ஒரே வினாவைத் தன் முதலிரண்டு வசனங்களுக்குள் நான்குமுறை எழுப்புகிறது. அதனை ஆராதனையில் வாசிக்க நமக்குத் தயக்கமில்லை. எபிரேயத்தில் ‘திக்வா’ என்னும் சொல் நம்பிக்கையைக் குறிக்கும். யோசுவா இரண்டாம் அதிகாரத்தில் ராகாப் சன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றைக் குறிப்பதும் அதே சொல்லே. கயிற்றையும் நம்பிக்கையையும் ஒரே சொல்லால் சுட்டிய மக்கள், காத்திருத்தலைத் தளர்ந்து கிடக்கும் நிலையாக எண்ணியிருக்க மாட்டார்கள் என்பது நம் கருத்து.

கலக்கத்தை நீக்க இயலாது எனில், அதனோடு வாழும் வகை யாது? ஒன்றில் முற்றும் தோய்ந்துபோகும் வேலை உண்மையில் உதவுகிறது எனச் சுவீனி குழுவினரின் பின்னைய ஆய்வுகள் காட்டின. மிகாய் சிக்சென்மிகாயி என்னும் அறிஞர் விளக்கிய நிலை இது: வேலை நம் திறமைக்குச் சற்று மேற்பட்டதாயும், செய்யச் செய்ய முன்னேற்றம் தெரிவதாயும் இருப்பின், நேரம் போவதே தெரியாது. தொலைக்காட்சியும் கைப்பேசிப் படங்களும் இத்தகையன அல்ல. அவை கண்ணை ஈர்க்கும், மனத்தைக் கட்டா. வயலின் பயிலுதல், மரவேலை, ஓர் அந்நிய மொழி கற்றல், பந்து விளையாட்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் எழுதிப் பயிற்றுதல் இவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தும். இறுதியாண்டுத் தேர்வுப் பாடமும் பொருந்தும். வெளிநாட்டுக் கனவில் உள்நாட்டுத் தேர்வைக் கோட்டைவிட்டோரையும் நாம் அறிவோம்.

கவலைக்கென ஒரு நேரத்தைக் குறித்துவைப்பதும் பயன்தரும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்க்கோவெக்கும் உடன் ஆய்வாளரும் 1983இல் வெளியிட்ட முறை இது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரைமணிநேரம் அமர்ந்து கவலைப்பட வேண்டும். மற்ற நேரத்தில் கவலை எழுந்தால் ‘மாலையில் பார்ப்போம்’ என்று ஒத்திவைக்க வேண்டும். கேட்போர் சிரிப்பர். ஆயினும் ‘கவலைப்படாதே’ என்னும் நம் அறிவுரையைவிட இது கைக்கொள்ளத்தக்கது; ஏனெனில், நீக்கச் சொல்வதை மனம் கேளாது, ஒத்திவைக்கச் சொல்வதைக் கேட்கும்.

அவ்வரைமணி நேரத்தில் செய்யத்தக்க ஒரு வேலை இரண்டாம் வழியை எழுதிவைப்பது. முற்றுப்பெறாத காரியம் மனத்தை இடைவிடாது தட்டிக்கொண்டிருக்கும். அதற்குத் திட்டவட்டமான ஏற்பாடு ஒன்றை எழுதியவுடன், காரியம் முடியாமலேயே அத்தட்டுதல் ஓய்கிறது என்று மாசிகாம்போ, பௌமைஸ்டர் ஆகிய இருவரும் 2011இல் காட்டினர். இடம் கிடைக்காவிடில் எந்த மாதத்தில் எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது, அடுத்த ஆண்டு மீண்டும் முயலுவதா, இந்நாட்டிலேயே எந்த நிறுவனத்தில் சேர்வது என்று நாள் குறித்து எழுத வேண்டும். இரண்டாம் வழி எழுதுவது அவநம்பிக்கை என்று தடுக்கும் பெற்றோர் உண்டு. மழைக்காலத்தில் குடை எடுத்துச் செல்வது மழையை வரவழைப்பதில்லை. ஆனால் ‘நமக்குக் கிடைக்காது’ என்று டிசம்பரிலேயே மனத்தைக் கடினப்படுத்திக்கொள்வது வேறு. அது துயரத்தை நான்கு மாதமும் முன்பணமாகச் செலுத்துவதற்கு ஒப்பாகும். மனத்தைத் திடப்படுத்துதல் முடிவு நெருங்கும் கடைசி நாள்களிலேயே பயனுடையது.

வீட்டாருக்கும் உற்றாருக்கும் ஒரு சொல். “என்ன ஆயிற்று?” என்று நாள்தோறும் கேட்பது அன்பினால்தான். ஆயினும் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் மாணவர் ‘இன்னும் இல்லை’ என்று ஒரு சிறு தோல்வியை அறிவிக்க வேண்டியிருக்கிறது. செய்தி வந்தால் தாமே சொல்வார் என்று உடன்பட்டு, அத்தையிடமும் சித்தப்பாவிடமும் தாயே சொல்லிவைப்பது நலம். ஆயரும் ஒன்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘கர்த்தர் நிச்சயமாய்க் கதவைத் திறப்பார்’ என்று ஒரு குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் கதவைப்பற்றி வாக்குக்கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. அக்கதவு திறவாதபோது அம்மாணவர் இடத்தை மட்டும் இழப்பதில்லை.

ஏனெனில் கதவு மூடுவதற்கு மாணவரைச் சாராத காரணங்கள் பல. இவ்வாண்டு ஒரு பேராசிரியர் விடுப்பில் இருக்கலாம். அவருடைய ஆய்வு நிதி முடிந்திருக்கலாம். 2025ஆம் ஆண்டு இதனை வெளிப்படையாகவே காட்டியது. கூட்டாட்சி அரசின் ஆய்வு நிதி நிச்சயமற்றுப்போனதால் பல துறைகள் இடங்களைக் குறைத்தன; மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, உயிர்மருத்துவ முனைவர் படிப்புக்கு ஏற்கெனவே அனுப்பிய அழைப்புகளையே அவ்வாண்டு மார்ச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டது. தகுதியுள்ளோர் என்று அப்பள்ளியே தெரிந்தெடுத்தவர்கள் அவர்கள். ஆகவே மறுப்புக் கடிதத்தைத் தன் அறிவின்மேலோ வாழ்வின்மேலோ எழுதப்பட்ட தீர்ப்பாகப் படிப்பது தவறான வாசிப்பு. நம் வீடுகளில் அவ்வாறே படிக்கப்படுகிறது என்பதே நமக்குத் துயரளிக்கிறது.

உறக்கமின்மை இரு வாரங்களுக்குமேல் நீடித்தால், படிப்பும் உணவும் முற்றிலும் நின்றுபோனால், வாழ்ந்து பயனில்லை என்னும் பேச்சு ஒருமுறை எழுந்தாலும், அது ஆயரின் ஆலோசனையோடு நிற்கும் காரியம் அன்று. தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மனாஸ் என்னும் இலவச மனநலச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம்.

கடைசியாக, பலரும் எண்ணிப்பாராத ஒன்று. ஒரே மாணவருக்கு மூன்று நான்கு இடங்களிலிருந்து அழைப்பு வருவதுண்டு. போவது ஓரிடத்துக்குத்தான் என்று பிப்ரவரியிலேயே தெளிந்தபின்னும், எஞ்சிய அழைப்புகளைப் பெருமைக்காகவோ சோம்பலினாலோ கையில் வைத்திருப்போர் பலர். அவ்விடங்கள் ஒவ்வொன்றின் பின்னும் காத்திருப்போர் பட்டியலில் ஒருவர், நம்மூர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம், இரவு மூன்றரை மணிக்கு மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். தமக்கு வேண்டாத இடத்தை நன்றிகூறி மறுத்து எழுத நான்கு வரி போதும். அதனை எழுத ஏப்ரல் 15 வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.