பாலைவனத்தில் ரப்பர் சாக்ஸ், குலுக்கல் சீட்டு! எதற்குத் தெரியுமா?

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களில் செப்டம்பர் கடைசியில் வெயில் கொஞ்சம் தணிந்ததும் ஒரு பெருங்கூட்டம் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். எங்கே? பூமி பிளந்து கிடக்கும் செம்பாறைப் பள்ளத்தாக்குகளுக்கு! ஏன் அப்போது? கோடையில் கிராண்ட் கேன்யனின் அடிப்பகுதி 40 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். குளிர்காலத்தில் மேலே விளிம்பெல்லாம் பனி. நடுவில் அகப்படும் இந்த இலையுதிர்காலம்தான் நடக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம்!

எதிர்க்கரை கண்ணெதிரே தெரிகிறது. போய்ச் சேர எவ்வளவு தூரம் தெரியுமா?

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் நின்றால் வடக்கு விளிம்பு அதோ! பறவைக்கு 16 கிலோமீட்டர்தான். காரில் போனால்? 340 கிலோமீட்டர்! பள்ளத்தைச் சுற்றிக்கொண்டுதானே போயாக வேண்டும்? நடந்தால் 38 கிலோமீட்டரில் முடிந்துவிடும். ‘அட, இவ்வளவுதானா?’ என்று அவசரப்படாதீர்கள். வடக்கிலிருந்து வந்தால் ஏறத்தாழ 1,750 மீட்டர் இறங்கி, கொலராடோ ஆற்றைப் பாலத்தில் கடந்து, மறுபடி 1,300 மீட்டர் ஏற வேண்டும்! 2025 ஜூலையில் வடக்கு விளிம்பின் புகழ்பெற்ற விடுதி காட்டுத்தீயில் எரிந்துபோனது. அதனால் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போவது உத்தமம்.

மலை ஏறுகிறவர் களைத்துவிட்டால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே எல்லாம் தலைகீழ்! உற்சாகமாக இறங்குவீர்கள், களைத்த பிறகுதான் ஏற்றமே ஆரம்பம்! கைடுகள் கிளம்பும்போதே சொல்லிவிடுவார்கள்: இறங்க ஆன நேரத்தைப் போல் இரண்டு மடங்கை ஏறுவதற்கு ஒதுக்கு.

தண்ணீர் அதிகமாகக் குடித்தாலும் ஆபத்து, தெரியுமா? உப்பே சாப்பிடாமல் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆள் சுருண்டு விழுந்துவிடலாம். அதனால்தான் கைடின் பையில் உப்புக்கடலை, சிப்ஸ் வகையறாக்கள் எப்போதும் இருக்கும்!

அமெரிக்கப் பள்ளத்துக்குள் விஷ்ணு, சிவன், பிரம்மா! நம்ப முடிகிறதா?

நிஜம்! கேன்யனுக்குள் எழுந்து நிற்கும் பாறைச் சிகரங்களின் பெயர்களைப் பாருங்கள். விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள், பிரம்மா டெம்பிள், ராமா ஷ்ரைன், கிருஷ்ணா ஷ்ரைன்! போதாக்குறைக்குப் புத்தா டெம்பிள் வேறு. கோயில் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் வெறும் பாறை! 1880களின் தொடக்கத்தில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளருக்கு அந்தச் சிகரங்கள் கீழைநாட்டுக் கோபுரங்களாகத் தெரிந்தன. அவர் வைத்த பெயர்களைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் அதே பாணியில் தொடர்ந்தார்கள். விஷ்ணு டெம்பிளின் உயரம் 2,296 மீட்டர்!

அடியில் கிடக்கும் கரும்பாறைகளும் விஷ்ணு பெயரில்தான். அவற்றின் வயது? 170 கோடி ஆண்டுகளுக்கும் மேல்! இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பிளாக்டெயில் கேன்யன் என்ற இடுக்கில் படகை நிறுத்திவிட்டு, பாறைச் சுவரில் உள்ளங்கையை வைக்கச் சொல்வார் கைடு. விரல் படுவது சுமார் 50 கோடி ஆண்டு மணற்பாறை. மணிக்கட்டுப் படுவது விஷ்ணு பாறை. இடையில் இருந்திருக்க வேண்டிய 120 கோடி ஆண்டுப் பாறையைக் காணோம்! அரிப்பில் அத்தனையும் போய்விட்டது. ஆழம், அகலம் என்று எல்லாரும் வியக்கிறார்கள். என்னைக் கேட்டால், அங்கே பார்க்க வேண்டியது இந்த ஒரு சாண் சுவரைத்தான்!

பாலைவனத்தில் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போக முடியுமா?

முடியும்! அதுவும் தலைக்கு மேல் மழையே இல்லாமல்! 1997 ஆகஸ்ட் 12. அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யன். இரண்டு பக்கமும் கை எட்டும் தூரத்தில் சுவர் நிற்கும் இடுக்கு. மழை பெய்தது பல கிலோமீட்டர் தள்ளி. அந்தத் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக இடுக்குக்குள் புகுந்ததில் 11 பயணிகள் இறந்துபோனார்கள். இன்று நவாஹோ பழங்குடியினரின் கட்டுப்பாட்டில் இருக்கும் அந்த இடத்தில் கைடு இல்லாமல் ஒருவரும் கால் வைக்க முடியாது!

செப்டம்பர் பாதிவரை இடிமழை ஆபத்து உண்டு. 2015 செப்டம்பர் 14 அன்று யூட்டாவிலுள்ள ஸயன் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் ஏழு பேரை வெள்ளம் கொண்டுபோனது. அக்டோபரில் நிலைமை தேவலை. ஆனாலும் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் எந்தக் கைடும் இடுக்குக்குள் நுழைய மாட்டார்.

நடைபாதையே ஆறுதான் என்றால்?

அதே ஸயன் பூங்காவில் ‘நேரோஸ்’ என்று ஓர் இடம். பாதை எங்கே என்று தேடாதீர்கள். வர்ஜின் ஆறுதான் பாதை! இரு பக்கமும் 300 மீட்டர் உயரச் சுவர். சில இடங்களில் சுவருக்குச் சுவர் 6 மீட்டர்தான்! முழுத்தூரம் நடந்தால் 26 கிலோமீட்டர். இலையுதிர்காலத்தில் தண்ணீர் ஜில்லிட்டுப் போகும். அதனால் பக்கத்து ஊரில் நியோபிரீன் என்ற ரப்பரில் செய்த சாக்ஸ், ஆற்றுக்கான ஷூ, தண்ணீர் புகாத உடுப்பு, தோளுயரக் கம்பு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கம்பு எதற்கு? எண்ணெய் தடவிய தேங்காய்களின் மேல் நடப்பதுபோல் இருக்கும் காலடி! முதலில் கம்பை ஊன்றிக் கல் அசைகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு ஒரு கால், பிறகு மறு கால். அவசரக்காரர்கள் முழுக்குப் போடுவது நிச்சயம்!

பக்கத்திலேயே ‘வீப்பிங் ராக்’ என்ற அழும் பாறை! சொட்டுச் சொட்டாகக் கசியும் அந்தத் தண்ணீர் மணற்பாறைக்குள் ஊறி இறங்கி வெளியே வர 1,200 ஆண்டுகள்வரை ஆகுமாம்! நம் பல்லவர் காலத்தில் பெய்த மழை இன்று உங்கள் தலையில்! இங்குள்ள ஈரச் சுவர்களில் ஊசித் தலையளவு நத்தை ஒன்று வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது கிடையாது!

நம் ஏ.ஆர். ரஹ்மானுக்கும் யூட்டா பள்ளத்தாக்குக்கும் என்ன தொடர்பு?

2003 ஏப்ரல். ஆரன் ரால்ஸ்டன் என்ற இளைஞர் புளூஜான் கேன்யனில் தனியாக இறங்கினார். எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை! உருண்ட பாறை ஒன்று வலக்கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. 127 மணி நேரம் அப்படியே! கடைசியில், மழுங்கிய சிறு கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டார். அதோடு முடிந்ததா? ஒற்றைக் கையால் கயிறு பிடித்து 20 மீட்டர் செங்குத்தாக இறங்கி, பிறகு நடக்கவும் செய்தார்! அந்தக் கதைதான் 2010இல் ‘127 ஹவர்ஸ்’ படமானது. இசை ஏ.ஆர். ரஹ்மான்! அதற்காக ஆஸ்கர் விருதுக்கு இரண்டு பிரிவுகளில் அவர் பெயர் பரிந்துரையானது!

நடப்பதற்கும் லாட்டரியா? ஆமாம்! அலையலையாகச் சுழித்த பாறைக்குப் பெயர் ‘தி வேவ்’. நாளுக்கு 64 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் குலுக்கலில்! முன்பெல்லாம் வெறும் 20 பேர்தான்! ஸயனில் சங்கிலியைப் பிடித்து ஏறும் ‘ஏஞ்சல்ஸ் லேண்டிங்’ என்ற பாறை முகட்டுக்கும் 2022 முதல் குலுக்கல்.

பாரியா கேன்யனில் இரவு தங்கப் போகிறீர்களா? உங்கள் மலத்தையும் பையில் கட்டி நீங்களே சுமந்து வர வேண்டும்! சிரிக்காதீர்கள், சட்டம்!

47,000 மரங்கள். ஆனால் ஒரே மரம்! எப்படி?

யூட்டாவின் ஃபிஷ்லேக் காட்டில் இருக்கிறது ‘பாண்டோ’. 43 ஹெக்டேர் பரப்பில் 47,000 ஆஸ்பென் தண்டுகள், எல்லாவற்றுக்கும் ஒரே வேர், ஒரே மரபணு! எடை சுமார் 6,000 டன்! இலையுதிர்காலம் வந்தால் காடு முழுக்கப் பொன்மஞ்சள்!

சாலையில் உள்ளங்கை அகலச் சிலந்தி நடந்து போகிறதா? பயப்படாதீர்கள், மாப்பிள்ளை பெண் தேடிப் போகிறார்! செப்டம்பர், அக்டோபரில் ஆண் டரான்டுலாக்கள் வளையைவிட்டு வெளியே வந்து அலையும். பெண் சிலந்தி 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆணுக்கோ அந்தப் பருவத்தோடு ஆயுள் முடிந்துவிடும், பாவம்!

அண்ணாந்து பார்த்தீர்களா? சிறகு விரித்தால் கிட்டத்தட்ட 3 மீட்டர் வரும் கலிபோர்னியா காண்டோர் கழுகு! 1982இல் உலகத்திலேயே 22தான் மிச்சம்! கூண்டில் வளர்த்துப் பெருக்கி, 1996இல் அரிசோனாவின் வெர்மிலியன் கிளிஃப்ஸில் பறக்க விட்டார்கள். மீட்பு முயற்சி தொடங்கிய பிறகு பொரித்த ஆயிரமாவது குஞ்சு எங்கே பிறந்தது தெரியுமா? 2019இல், ஸயனில்!

கடைசியாக, மணி என்ன சொல்லுங்கள் பார்ப்போம்!

அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றாது. அரிசோனாவுக்குள் இருக்கும் நவாஹோ பூமி மாற்றும். நவாஹோவுக்குள் இருக்கும் ஹோப்பி பூமி மாற்றாது! நவம்பர் முதல் ஞாயிறுவரை இந்தக் கூத்துத்தான். காரில் போகப் போக, கைப்பேசி ஒரு மணி நேரம் முன்னே போகும், பின்னே வரும்! ஆன்டிலோப் கேன்யன் இருப்பது நவாஹோ பூமியில். ஆனால் டூர் புறப்படுவது பக்கத்திலுள்ள பேஜ் ஊரின் அரிசோனா நேரப்படி! கைப்பேசியை நம்பிப் போனீர்களோ, வேன் வரும்வரை ஒரு மணி நேரம் தேவுடு காக்க வேண்டியதுதான்!