மெடிக்கலில் நீட்டுவதை வாங்குவது ஏன்? 'செட்டு மாத்திரை' உஷார்!

திருத்துறைப்பூண்டி:-

"அண்ணே, உடம்பு அடிச்சு போட்ட மாதிரி வலிக்குது. ரெண்டு வேளைக்கு செட்டு மாத்திரை குடுங்க."

"என்னம்மா, நடவுக்கு போனீங்களா?"

"ஆமாண்ணே, நாளைக்கும் போவணும்."

நடவு, அறுப்பு நாட்களில் திருத்துறைப்பூண்டி பக்கம் சாயந்திரம் ஆனால் மெடிக்கல் கடைகளில் கேட்கும் பேச்சு இது. டாக்டர் சீட்டு கிடையாது. மாத்திரையின் பெயரும் தெரியாது. காகிதத்தில் மடித்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

கத்தரிக்காய்க்கு நாலு கடை ஏறி இறங்கும் நாம், மருந்துக்கு மட்டும் பேசாமல் காசை நீட்டுவது ஏன்?

கூலி போயிடுமே...

முதல் காரணம் நேரம். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். ஆனால் காலையில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. மெடிக்கல் கடையோ வேலை முடிந்து வரும்போதும் திறந்திருக்கும்.

இரண்டாவது, முகப்பழக்கம். கடைக்காரர் தெரிந்தவர். கையில் காசு இல்லாவிட்டாலும் "சனிக்கிழமை தர்றேன்" என்றால் நோட்டில் எழுதிக்கொள்வார்.

மூன்றாவது, "போன தடவை இதுதான் கேட்டுச்சு" என்ற நம்பிக்கை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, டி.வி. விளம்பரத்தில் பார்த்தது எல்லாம் இதில் சேரும். விலை குறைந்த மாத்திரை என்றால் வீரியமும் குறைவு என்று நினைப்பவர்களும் உண்டு.

உள்ளே என்ன இருக்கு?

செட்டு மாத்திரையில் பெரும்பாலும் வலி மாத்திரை இருக்கும். சில நேரம் ஸ்டீராய்டும் சேர்ந்துவிடும். வலி சட்டென்று பறந்துவிடும். ஆனால் அடிக்கடி சாப்பிட்டால் வலி மாத்திரை வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தை கெடுக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பை பலவீனமாக்கும்.

ஆன்டிபயாடிக் மாத்திரையும் அப்படித்தான். தேவையில்லாமல், அரைகுறையாக சாப்பிட்டால் கிருமி பழகிவிடும். பிறகு உண்மையிலேயே தேவைப்படும்போது அந்த மருந்து கேட்காது.

அட்டையில் சிவப்பு கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்று அர்த்தம். 2016-ல் மத்திய அரசு இதற்காகவே தனி பிரசாரம் நடத்தியது. காகிதத்தில் மடித்து வாங்கினால் கோடும் தெரியாது, காலாவதி தேதியும் தெரியாது.

அதே மருந்து, குறைந்த விலை

ஒரே மருந்தை பல கம்பெனிகள் வேறு வேறு பெயரில், வேறு வேறு விலையில் விற்கின்றன. கம்பெனி பெயர் இல்லாமல் மூலப்பெயரில் விற்பதுதான் ஜெனரிக். விலை குறைவதற்கு காரணம் விளம்பரச் செலவு இல்லாததுதான். வீரியம் குறைவு என்பதால் அல்ல.

இதற்காக 2008-ல் மத்திய அரசின் மக்கள் மருந்தகம் தொடங்கியது. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24-ந்தேதி 1,000 முதல்வர் மருந்தகங்களை திறந்தது.

ஆனால் ஒரு சிக்கல். டாக்டர் சீட்டில் ஒரு கம்பெனி பெயரை எழுதிவிட்டால், சீட்டுக்கு மட்டுமே தரவேண்டிய மருந்தை கடைக்காரர் தானாக மாற்றித்தர சட்டத்தில் இடமில்லை. எனவே சர்க்கரை, பிரஷருக்கு மாதம்தோறும் மருந்து வாங்குபவர்கள் "மூலப்பெயரில் எழுதிக்கொடுங்க டாக்டர்" என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

* "இது என்ன மாத்திரை, எதுக்கு?" என்று பெயரை கேளுங்கள்.

* மாத்திரையை அட்டையோடு வாங்குங்கள். தேதியை பாருங்கள்.

* பில் கேளுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கக்கூடாது. 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக குறைந்துள்ளது.

* சர்க்கரை, வயிற்றுப்புண், சிறுநீரக கோளாறு இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* வலி, காய்ச்சல் 3 நாளில் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு போய்விடுங்கள்.

ஒரு நாள் கூலியை காப்பாற்ற வாங்கும் செட்டு மாத்திரை, பின்னால் பல மாத கூலியை ஆஸ்பத்திரி வாசலில் வைக்கச் சொல்லும். கடைக்காரர் தெரிந்தவர்தான். அதனால்தான் தைரியமாக கேட்கலாம்!